ஜொசியானின் வலது கை

ரெட்டியார்பாளையத்தில் ஜொசியான் டீச்சர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை நீட்டிக் காட்டும். தனியார் பள்ளி ஒன்றில் அவள் உடற்பயிற்சி ஆசிரியை. நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம், எட்டி எட்டி வைக்கும் நடை. மைதானத்தில் அவள் விசில் ஊதினால், மாடியில் நடந்துகொண்டிருக்கும் கணக்கு வகுப்பு ஒரு நொடி நின்று, பிறகுதான் மறுபடி ஓடும்.

அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். அந்த வீட்டில் திட்டு தமிழிலும் கொஞ்சல் பிரெஞ்சிலும் விழும். அண்ணன்கள் இருவரும் படிப்பு முடிந்ததும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அவளிடமும் அவர்களைப் போலப் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது, ஆனால் போகவில்லை. போனால் பெத்தாங் ஆட முடியாது என்று காரணம் சொல்வாள். "அந்த ஆட்டம் பொறந்ததே அங்கதானேம்மா" என்று யாராவது சிரித்தால், "அதான் போவல. அங்க போனா ஆயிரத்துல நான் ஒருத்தி. இங்க நான் ஜொசியான்" என்பாள்.

பெத்தாங் என்பது பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரில் விட்டுப்போன விளையாட்டு. சின்ன மரப்பந்து ஒன்றை மண்ணில் எறிந்துவிட்டு, அதற்கு அருகே போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை வீச வேண்டும். யாருடைய குண்டு நெருங்கி நிற்கிறதோ புள்ளி அவர்களுக்கு. சிலர் குண்டை நைசாக உருட்டிக் கொண்டுபோய் மரப்பந்தின் பக்கத்தில் வைப்பார்கள். சிலர் எதிராளி வைத்த குண்டை நேராகப் போய் அடித்துத் தூக்குவார்கள். ஜொசியான் அடிக்கிறவள். அவளுடைய கணவன் க்சாவியே வைக்கிறவன். மின்துறையில் எழுத்தர், எதற்கும் அவசரப்படாத ஆள். "வைக்கிறது நானு, உடைக்கிறது அவ. ஆட்டத்துலயும் அப்பிடித்தான், வூட்டுலயும் அப்பிடித்தான்" என்று சொல்வான். இந்த ஜோடி ஆட வருகிறது என்றால் கருவடிக்குப்பம் மைதானத்தில் டீக்கடைப் பெஞ்சு காலியாகி, கூட்டம் கயிற்றோரம் வந்து நின்றுவிடும்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில், விழுப்புரம் சாலையில், அவளுடைய ஸ்கூட்டர் வழுக்கியது. பின்னால் வந்த லாரி அவள் வலது கைமேல் ஏறித்தான் நின்றது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பள்ளியில் இரக்கத்தோடு அவளை நூலகத்துக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்கும். உள்ளே அவள் இடது கையால் புத்தகங்களை அடுக்குவாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. எடுத்துப்போட்ட கை போகவே இல்லை. அந்த விரல்கள் ஒரு முஷ்டியாக இறுகி, நகங்கள் உள்ளங்கையில் குத்தியபடியே இருந்தன. மூளைக்கு இன்னும் சேதி போகவில்லை, போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தூங்க வைத்தது, முஷ்டியைத் திறக்கவில்லை.

"இருக்குற கை வலிச்சா தைலம் தடவலாம். இல்லாத கைக்கு எங்க போயி தடவுறது?" என்று ஒருநாள் க்சாவியேவிடம் கேட்டாள். அவனும் மைதானத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தான். நீங்களாவது போய் ஆடுங்கள் என்று அவள் விரட்டியபோது, "வைக்க மட்டும் தெரிஞ்சவன் தனியா போயி என்னா செய்யறது?" என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டான்.

சிந்துஜா அந்த வீட்டுக்கு வந்தது அதே டாக்டர் சொல்லித்தான். லாஸ்பேட்டையில் நண்பர்களோடு சேர்ந்து செயற்கைக் கை செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்திவந்தாள். தானே கற்றுக்கொள்ளும் கணினியை அந்தக் கைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். சிந்துஜா சோபாவின் நுனியில் உட்கார்ந்து முதலில் கேட்ட கேள்வி ஜொசியானுக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், அந்தக் கை இன்னும் இருக்குற மாதிரி தோணுதா?"

"தோணுதாவா? முறுக்கிக்கிட்டு உயிரை எடுக்குது."

சிந்துஜாவின் முகம் மலர்ந்தது. "சூப்பர் மேடம். அதான் எங்களுக்கு வேணும்."

ஜொசியான் எழுந்தே விட்டாள். க்சாவியே நடுவில் புகுந்து உட்கார வைத்தான். சிந்துஜா பதறிப்போய் விளக்கினாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கையை மூடணும்னு உங்க மூளை இன்னும் உத்தரவு போடுது. முழங்கை வரைக்கும் அந்த உத்தரவு வந்துடுது. அங்க இருக்குற தசை துடிக்குது. அதுக்கு அப்புறம் கேக்கத்தான் ஆளில்ல. நாங்க அங்க ஒரு ஆளை வெக்கிறோம். அவ்வளவுதான்."

அடுத்த வாரம் லாஸ்பேட்டையில், ஸ்கூட்டர் ஒர்க் ஷாப்புக்கு மேலே இருந்த அந்த அறைக்குப் போனார்கள். மேசைமேல் கறுப்பு நிறத்தில் ஒரு கை தனியாகக் கிடந்தது. ஜொசியானின் மிச்சக் கையில் சிந்துஜா ஒரு பட்டையைச் சுற்றினாள். தோலுக்கு அடியில் நடக்கும் துடிப்பைப் படிக்கும் பட்டை அது.

"மூடணும்னு நெனைங்க மேடம்."

"அது மூடித்தான் இருக்கு."

"அப்ப திறங்க."

"முடியல. திறந்திருந்தா உங்கிட்ட எதுக்கு வரேன்?"

ஆனாலும் முயன்றாள். நெற்றியில் வியர்வை பூத்தது. மேசைமேல் இருந்த கை அசையவில்லை. கணினி அவளுடைய துடிப்புகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எது மூடச் சொல்வது, எது திறக்கச் சொல்வது என்று பிரித்துப் பார்த்தது. டீ வந்தது, ஆறியது. இன்னொரு முறை என்றாள் சிந்துஜா. ஜொசியான் பல்லைக் கடித்துக்கொண்டு மேசையையே பார்த்தாள். அந்தக் கறுப்புச் சுண்டுவிரல் நடுங்கியது. பிறகு மோதிர விரல். பிறகு பூ மலர்வதுபோல எல்லா விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன.

ஜொசியான் வாய்விட்டு அழுதாள். வலிக்கிறதோ என்று க்சாவியே பாய்ந்து வந்து பட்டையை அவிழ்க்கப் போனான்.

"அவுக்காதீங்க! தொறந்துடுச்சுங்க. அங்க இருக்கறது மட்டும் இல்ல. உள்ள இருக்கறதும் தொறந்துடுச்சு."

மாதக்கணக்காக நகங்கள் குத்திக்கொண்டிருந்த உள்ளங்கையில், இல்லாத அந்த உள்ளங்கையில், காற்றுப் பட்டது என்று அவள் இப்போதும் சொல்கிறாள். சிந்துஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை மறைக்கக் கம்பியூட்டரில் ஏதோ தட்டினாள்.

அதன்பிறகு அந்தக் கை அவளுடைய முழங்கையோடு சேர்ந்தது. முதல் மாதம் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் மிஞ்சவில்லை. முட்டையை எடுத்தால் கூழ், தக்காளியை எடுத்தால் ரசம். ஆனால் கை ஒவ்வொரு நாளும் அவளைக் கொஞ்சம் கூடுதலாகப் படித்தது. அவளும் அதைப் படித்தாள். எவ்வளவு மெதுவாக நினைத்தால் எவ்வளவு மெதுவாகப் பிடிக்கும் என்று கண்டுகொண்டாள். புடவைக்கு ஊக்கு மாட்டினாள். விசில் கயிற்றை முடிந்தாள். ஒருநாள் கதவைத் திறந்து, குடையை எடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகுதான், எந்தக் கையால் கதவைத் திறந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். வலது கையால் திறந்திருந்தாள்.

அன்றைக்கே லாஸ்பேட்டைக்குப் போய், "எனக்குக் குண்டு எறியணும்" என்றாள்.

சிந்துஜா தயங்கினாள். "மேடம், இது பிடிக்கிறதுக்குச் செஞ்ச கை. வீசுறது வேற கதை. நீங்க விடுன்னு சொல்லி, விரல் திறக்குறதுக்குள்ள கை மேல போயிடும்."

"ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்."

சிந்துஜா சொன்னதுதான் நடந்தது. மைதானத்தில் முதல் குண்டு தலைக்குமேல் போய்ப் பின்னால் விழுந்தது. அடுத்தது காலடியிலேயே விழுந்தது. இன்னொன்று க்சாவியேவின் காதோரம் பறந்தது. மறுநாள் அவன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து நின்றான். முன்கூட்டியே விடு என்று நினையுங்கள் என்று சிந்துஜா சொல்லிப் பார்த்தாள். ஜொசியான் தலையை ஆட்டினாள்.

"எப்ப விடணும்னு எனக்கே தெரியாது சிந்துஜா. சின்ன வயசுலேருந்து எறியறேன். தோளு வரும், கை வரும், விட்டுடும். நெனைச்சு விட்டா அது ஆட்டமே இல்ல."

சிந்துஜா அன்று அதை அப்படியே குறித்துக்கொண்டு போனாள். சில நாள் கழித்து வந்தபோது ஒரு யோசனையோடு வந்தாள். ஜொசியான் நினைக்க வேண்டாம். வழக்கம்போல எறியட்டும். தோள் எப்படி வருகிறது, எந்தத் தசை எப்போது இறுகுகிறது என்று கை பார்த்துக்கொண்டே இருக்கட்டும். குண்டு சரியாகப் போனபோதும் தவறியபோதும் என்ன வேறுபாடு என்று அது கற்கட்டும். விடும் கணம் வரப்போகிறது என்பதை அது முன்னாலேயே உணர்ந்து விரலைத் திறக்கத் தொடங்கட்டும்.

கோடைக்காலம் முழுக்க எறிந்தாள். சாயங்காலமானால் கருவடிக்குப்பத்துக்கு வருவாள், வெளிச்சம் இருக்கும்வரை எறிவாள். தோள்பட்டை வீங்கியது. வேண்டாம் என்று க்சாவியே சொல்லவில்லை. குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்துக்கொண்டே இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக மைதானத்துக்கு வந்தார்கள். அவன் தூரத்தில் ஒரு குண்டை வைத்தான். அவள் எறிந்தாள். 'டங்' என்று இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் மைதானத்தையே அதிர வைத்தது. அவன் வைத்த குண்டு கயிற்றைத் தாண்டிப் பறந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொண்ணு வையுங்க."

டங்.

"இன்னொண்ணு!"

மூன்றாவதும் பறந்தபோது க்சாவியே ஹெல்மெட்டைக் கழற்றி வானத்தில் வீசினான். ஜொசியான் அந்தக் கறுப்புக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, எறிஞ்சது நானா, இதுவா?"

"யாரா இருந்தா என்னா? ஜூலைப் போட்டிக்குப் பேரு குடுத்துட்டு வரேன்" என்று அவன் வண்டியை எடுத்தான்.

ஜூலை பதினாலு பிரான்சின் தேசிய நாள், இங்குள்ள பிரெஞ்சுக் குடும்பங்கள் கொடியேற்றும் நாள். அதையொட்டிக் கருவடிக்குப்பத்தில் ஜோடிகளுக்கான போட்டி நடந்தது. ஜொசியானும் க்சாவியேவும் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி வந்தார்கள். ஆரம்பத்தில் அனுதாபத்தோடு கைதட்டிய கூட்டம், போகப்போக வாயைப் பிளந்து பார்த்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே தன் ஜோடியோடு கிளமான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், அறுபதைத் தாண்டியும் விறைப்பு குறையாதவர், ஊரிலேயே நிதானமான ஆட்டக்காரர். ஆட்டம் தொடங்கும் முன் அவர் நடுவரைப் பார்த்துக் கை தூக்கினார்.

"ஜொசியான் நல்லா ஆடுது. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா குண்டை விடுறது யாருன்னு தெரிஞ்சுக்கணும். ஜொசியானா, அந்தக் கம்பியூட்டரா?"

கூட்டம் சலசலத்தது. க்சாவியேவுக்குச் சுருக்கென்றது. "அண்ணே, போன வருசம் உங்க முட்டியில ஸ்டீலு வச்சாங்களே, அதைக் கழட்டி வச்சிட்டா ஆட வந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கிளமான் சிரிக்கவில்லை. "என் முட்டி யோசிக்காது க்சாவியே. இந்தக் கை யோசிக்குதே."

நடுவர் ஜொசியானைப் பார்த்தார். இல்லவே இல்லை, எல்லாம் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"அண்ணன் கேக்கறது சரிதான்" என்றாள். "நான் விடணும்னு நெனைச்சு முடிக்கறதுக்குள்ள இது விரலைத் தொறக்க ஆரம்பிச்சிடுது. அவ்ளோ தூரம் என்னைப் படிச்சு வச்சிருக்கு. நான் எங்க முடியறேன், இது எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியல."

கயிற்றோரம் நின்ற சிந்துஜா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நடுவர் உதட்டைப் பிதுக்கினார். ஜொசியான் தொடர்ந்தாள்.

"ஆனா இதுக்கு என்னைத் தவிர ஒண்ணும் தெரியாது. அண்ணன் வேணும்னா கட்டிப் பாக்கட்டும்."

சிந்துஜா பையிலிருந்து பயிற்சிப் பட்டையை எடுத்துக் கிளமானின் முன்கையில் சுற்றினாள். ஜொசியான் தன் கையைக் கழற்றி, அதன் பிடியில் ஒரு குண்டைக் கொடுத்து, நடுவரின் மேசைமேல் வைத்தாள். குண்டு எறிவதற்காகத் தரையில் கீறியிருந்த வட்டத்தில் கிளமான் நின்று, எறிவதுபோலக் கையை வீசினார். மேசைமேல் இருந்த கை குண்டை விடவில்லை. மறுபடி வீசினார். சுண்டுவிரல் மட்டும் எழுந்து நின்றது. இன்னும் வேகமாக வீசினார். கட்டைவிரல் ஆடியது. சலித்துப்போய் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து விரல்கள் விரிந்தன. குண்டு உருண்டு விழ, நடுவர் காலை இழுத்துக்கொண்டு துள்ளினார். மைதானமே சிரித்தது. இந்த முறை கிளமானும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சிந்துஜாவைக் கேட்டார். "மரப்பந்து எங்க கெடக்குதுன்னு இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். இதுக்குக் கண்ணு கிடையாது. தூரமும் தெரியாது. எது உங்க குண்டு, எது அவங்க குண்டுன்னும் தெரியாது. அவங்க தோளும் தசையும் மட்டும்தான் தெரியும். குறி பாக்கறது மேடம்தான்."

கிளமான் பட்டையைத் தானே அவிழ்த்தார். அதைச் சிந்துஜாவிடம் கொடுத்தார். "ராணுவத்துல என் துப்பாக்கிய வேற எவனும் தொட விடமாட்டேன். என் தோளுக்குப் பழகினது. ஆனா அதுகூட எவன் எடுத்தாலும் சுடும். இது அப்பிடி இல்ல. இது ஜொசியானோட கையேதான்." நடுவரிடம் திரும்பி, "என் ஆட்சேபணைய வாபஸ் வாங்கிட்டேன்" என்றார். பிறகு ஜொசியானைப் பார்த்து, "அதுக்காக ஜெயிக்க விடமாட்டேன். அலே, ஆடலாம்!" என்றார்.

சொன்னபடியே விடவில்லை. அவர் வைத்த குண்டுகளை அவள் தூக்கினாள். அவள் தூக்கியவுடன் அவர் இன்னொன்றை அதைவிட நெருக்கமாக வைத்தார். வெயில் சாய்ந்தும் கூட்டம் கலையவில்லை. இரண்டு பக்கமும் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற இடத்துக்கு வந்தார்கள். கிளமானின் கடைசிக் குண்டு உருண்டு உருண்டு மரப்பந்தின்மேல் சாய்ந்து நின்றது, தாயை ஒட்டிப் படுத்த கன்றுபோல. அதைவிட நெருக்கமாக வைக்க இடமே இல்லை. க்சாவியேவிடம் குண்டு தீர்ந்துவிட்டது. ஜொசியானிடம் ஒன்று மிச்சம்.

க்சாவியே பக்கத்தில் வந்தான். "நான் வைக்கறதுக்கு ஒண்ணுமில்ல, ஜோ. உடைச்சிடு."

அவள் வட்டத்துக்குள் நின்றாள். கையை நினைக்கவில்லை. எப்போது விடுவது என்று நினைக்கவில்லை. கிளமானின் குண்டில் வெயில் பட்டு மின்னிய புள்ளியை மட்டும் பார்த்தாள். தோள் வந்தது, கை வந்தது, விட்டது.

டங் என்ற சத்தத்தோடு கிளமானின் குண்டு தெறித்துப் பறந்தது. அது நின்ற அதே இடத்தில், அசையாமல், ஜொசியானின் குண்டு நின்றது. அடித்த குண்டு அடிபட்டதன் இடத்தையே பிடித்துக்கொள்வதைக் 'கரோ' என்பார்கள். பெத்தாங் ஆடுகிறவர்கள் கனவில் காண்கிற அடி அது.

கயிறு அறுந்தது. பிள்ளைகள், பெரியவர்கள், டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். க்சாவியே அவசரப்படாத தன் பழக்கத்தை மறந்து அவளைத் தூக்கிச் சுற்றினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிளமான் வந்தார். இடது கையை அவள் நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். "ப்ராவோ" என்றார். அவளும் அழுத்தினாள், வலிக்காத அளவுக்கு, மரியாதை தெரியும் அளவுக்கு.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி முதல்வரே நூலகத்துக்கு வந்து, "டீச்சர், மைதானத்துல பிள்ளைங்க உங்களைக் கேக்கறாங்க" என்றார். வாக்கியம் முடிவதற்குள் ஜொசியான் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

ஆனால் அவளைக் கேட்டால், தன் வாழ்க்கையின் பெரிய வெற்றி அந்தக் கரோ இல்லை என்பாள். அது லாஸ்பேட்டையில் நடந்தது.

அந்தக் கோடையில் ஜொசியானின் கை கற்றுக்கொண்டதையெல்லாம், அவளுடைய சம்மதத்தோடு, அடுத்து செய்யும் கைகளுக்கு ஆரம்பப் பாடமாக வைத்தார்கள். புதிதாக வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். முதலில் வந்தவர் பாகூர் பக்கத்து விவசாயி சுப்பிரமணியன். கரும்பு இயந்திரத்தில் கை போனவர். ஜொசியானும் கூட இருந்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும் என்று சிந்துஜா அழைத்திருந்தாள்.

சுப்பிரமணியன் புதுக் கையைச் சந்தேகமாகப் பார்த்தார். "இதால வெத்தல மடிக்க முடியுமாம்மா?"

"முயற்சி பண்ணிப் பாருங்கய்யா."

ஜொசியானுக்கு முதல் நாள் சுண்டுவிரல் நடுங்குவதற்கே டீ ஆறிப்போனது. சுப்பிரமணியனின் விரல்கள் அவர் நினைத்ததுமே திறந்தன. அவர் திடுக்கிட்டு, பிறகு குழந்தைபோல மூடி மூடித் திறந்தார். மேசையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். அதைத் தட்டில் போடும்போது மணிக்கட்டு லேசாகச் சுண்டியது, கடைசி நொடியில் பழத்துக்குப் பின்சுழற்சி கொடுத்து.

ஜொசியான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அந்தச் சுண்டல் அவளுடையது. குண்டை விடும்போது அவள் மணிக்கட்டு செய்வது. கரும்பு வெட்டிப் பழகிய ஒரு மனிதரின் கையில் அது நடந்துகொண்டிருந்தது.

"பாத்தியா சிந்துஜா?"

"பாத்தேன் மேடம். கொஞ்ச நாள்ல அது அவரோட பழக்கத்துக்கு மாறிடும்."

"மாறட்டும், மாறட்டும்" என்றாள் ஜொசியான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தன்னிடம் ஒரு கை குறைந்துபோனது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள். இனி லாஸ்பேட்டையிலிருந்து போகும் ஒவ்வொரு கையிலும் கொஞ்ச நேரமாவது தான் இருக்கப்போவதை அந்த எலுமிச்சம்பழம் சொல்லிவிட்டது.

சுப்பிரமணியன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, இடது கையால் சுண்ணாம்பு தடவி, வலது கையால் மடிக்கப் போராடிக்கொண்டிருந்தார். முதல் வெற்றிலை கிழிந்தது. இரண்டாவது கோணலாக மடிந்தது, ஆனால் மடிந்தது. அவர் அதை அந்தக் கறுப்பு விரல்களால் தூக்கிப் பிடித்து, முகமெல்லாம் பல்லாக, ஜொசியானிடம் நீட்டினார்.

"மொதல்ல நீ போட்டுக்கம்மா."

வெற்றிலை போட்டு வழக்கமே இல்லாத ஜொசியான் வலது கையை நீட்டி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.